வாசகர் கேள்விகள்: அபார் படிவம், ஸ்டேட்டஸ் படம், ஆசிரியர் கணக்கு

கேள்வி: மகன் 7-ஆம் வகுப்பு படிக்கிறான். அபார் எண்ணுக்கான (ஆதாரை வைத்து உருவாக்கும் மாணவர் அடையாள எண்) ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடாவிட்டால் டி.சி. தரமாட்டோம் என்கிறார்கள். போட்டே ஆகவேண்டுமா?
- வாசகர், குடியாத்தம்

பதில்: வேண்டியதில்லை. பெயரே ஒப்புதல் படிவம்தானே! கொடுத்த ஒப்புதலைப் பிறகு திரும்பப் பெறலாம் என்பதும் அதிலேயே இருக்கிறது. பள்ளிச் சேர்க்கைக்கு ஆதாரைக் கட்டாயமாக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது. 8-ஆம் வகுப்பு வரை, அரசுப் பள்ளிக்கு மாறும் பிள்ளைக்குத் தலைமையாசிரியர் உடனே டி.சி. தரவேண்டும் என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு. டி.சி. தாமதமானாலும் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்க முடியாது. விருப்பமில்லை என்பதை இரண்டு பிரதியாக எழுதி, ஒன்றில் பள்ளி முத்திரையும் தேதியும் வாங்கிவையுங்கள். வாய்ப்பேச்சு நிற்காது.

கையெழுத்துப் போடுவதென்றால் முதலில் பெயரைப் பாருங்கள். நம் ஊர் இனிஷியல்தான் வில்லங்கம். பள்ளிப் பதிவேட்டில் 'கே. பிரகாஷ்', ஆதாரில் 'பிரகாஷ் குமரேசன்' என்றிருந்தால் அபார் எண் உருவாகாமல் நின்றுவிடும். ஆதாரில் பெயரை இரண்டு முறையும் பிறந்த தேதியை ஒரே முறையும்தான் திருத்த முடியும். ஆகவே பிறப்புச் சான்றிதழைப் பார்த்து, எதில் தப்போ அதைத் திருத்துங்கள். ஜெராக்ஸ் கேட்டால் முதல் 8 இலக்கம் மறைத்த ஆதாரைக் கொடுத்து, எதற்காக, எந்தத் தேதியில் என்று அதன் குறுக்கே எழுதிவிடுங்கள்.

கேள்வி: டியூஷன் சென்டர்காரர்கள் என் மகளின் படத்தையும் மதிப்பெண்ணையும் ஃப்ளெக்ஸிலும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் போட்டுவிட்டார்கள். எங்களைக் கேட்கவே இல்லை.
- வாசகி, காட்பாடி

பதில்: 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவரின் தகவலைப் பயன்படுத்தப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். ஆனால் அந்தச் சட்டம் டிஜிட்டல் தகவலுக்கானது. ஸ்டேட்டஸ் அதில் தெளிவாக மாட்டும், சுவரில் தொங்கும் ஃப்ளெக்ஸை வைத்து வாதாடுவது கடினம். இன்னொன்று, விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் இருப்பதால், அபராதம் என்று மிரட்ட 2027 மே வரை பொறுக்கவேண்டும். அதுவரை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு, நீக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: எங்கள் தொடக்கப் பள்ளியில் 85 பிள்ளைகளுக்கு இரண்டே ஆசிரியர்கள். தகவல் கேட்டால் 'தனிப்பட்ட விவரம்' என்கிறார்கள்.
- வாசகர், வாலாஜா

பதில்: ஆசிரியர்களின் பெயர், கல்வித் தகுதி என்று கேட்டிருப்பீர்கள். மேலே சொன்ன தரவுச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தில் தனிப்பட்ட விவரம் பற்றிய 8(1)(ஜே) பிரிவையும் திருத்திவிட்டதால், அப்படிக் கேட்டால் மறுப்பது இப்போது சுலபம். இந்தத் திருத்தம் நமக்கு உவப்பில்லை. ஆனால் எண்ணிக்கைக்குப் பெயர் ஏது? 'அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, காலியிடம் எத்தனை, எந்தத் தேதியிலிருந்து காலி' என்று மட்டும் கேளுங்கள். 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, மாவட்டக் கல்வி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பினால் 30 நாளில் பதில் வரவேண்டும். 61 முதல் 90 பிள்ளைகள் வரை 3 ஆசிரியர் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே உள்ள கணக்கு. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான்; இதைத் தீர்மானமாகப் போட அடுத்த கூட்டமே போதும்.