வடசென்னைப் பிள்ளைகளுக்கு எந்த இயற்கையைக் காட்டுவது?

கேள்வி: நாங்கள் தண்டையார்பேட்டையில் இரண்டாவது மாடியில் வாடகைக்குக் குடியிருக்கிறோம். கணவர் துறைமுகத்தில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறார். மகனுக்கு ஒன்பது வயது, மகளுக்கு ஆறு. பள்ளி விட்டு வந்ததும் இருவரும் செல்போனோடு உட்கார்ந்துவிடுகிறார்கள். எங்கள் தெருப் பையன் ஒருவன், பதினான்கு வயது, சென்ற ஆண்டு நண்பர்களோடு கடலில் குளிக்கப் போனவன் திரும்பி வரவில்லை. அன்று முதல் என் மாமியார், பிள்ளைகளைக் கடல் பக்கமே கூட்டிப் போகக் கூடாது என்கிறார். எனக்கும் பயம்தான். லாரியும் புகையும் குப்பைமேடுமாக இருக்கும் இந்தப் பகுதியில் பிள்ளைகளுக்குக் காட்ட என்ன இயற்கை இருக்கிறது? மகனை அவன் வயதுப் பையன்களோடு தனியே அனுப்பலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை-81

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் மாமியாரின் பயத்தை நான் தவறென்று சொல்ல மாட்டேன். கண்ணெதிரே வளர்ந்த பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த தெருவில் அந்தப் பயம் இருக்கத்தான் செய்யும். ஆனால் ‘போகாதே’ என்ற சொல் உங்கள் மகனை இன்னும் நான்கைந்து ஆண்டுகளுக்குத்தான் கட்டிப்போடும். அதற்குப் பிறகு கூட்டாளிகள் கூப்பிடுவார்கள், உங்களுக்குத் தெரியாமல் அவனும் போவான். அப்போது கடலைப் பற்றி ஒன்றுமே அறியாதவனாகப் போவான் என்பதுதான் எனக்குக் கவலை. எது ஆபத்து, ஏன் ஆபத்து என்பதைப் பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டு பார்த்துப் பழகிய பிள்ளைக்கு, பிற்பாடு தனியே நிற்கும்போது அந்த அறிவு துணைக்கு வரும். ஆகவே பிள்ளைகளை வெளியே அழைத்துப் போவதும் அவர்களைக் காப்பாற்றுவதும் ஒரே வேலைதான் என்று எண்ணித் தொடங்குங்கள்.

தொடங்கும் இடம் உங்கள் மொட்டை மாடியாகவே இருக்கட்டும். காசிமேடு மீன்பிடித் துறைமுகம் அருகிலிருப்பதால் உங்கள் வானத்தில் பருந்துகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றில் இரண்டு வகை உண்டு. உடல் முழுவதும் பழுப்பாக, வால் நுனி பிளவுபட்டுத் தெரிவது கரும்பருந்து. தலையும் மார்பும் வெள்ளையாக, மற்ற உடல் செங்காவி நிறத்தில், வால் நுனி வளைவாக இருப்பது செம்பருந்து. உங்கள் மாமியார் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்வது இதைப் பார்த்துத்தான். முதல் பாடத்தை அவரையே நடத்தச் சொல்லுங்கள். எதிர்த்து நிற்பவரைப் பக்கத்தில் சேர்த்துக்கொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. கைப்பிடிச் சுவர் மகளின் மார்பளவுக்குக்கூட இல்லையென்றால் மாடியின் நடுவிலேயே பாய் விரித்து உட்காருங்கள். மேலே பார்த்தபடி பின்னால் நடக்கக் கூடாது என்பது மாடியின் முதல் விதி. அறுந்து கிடக்கும் மாஞ்சா நூலைக் கையால் இழுக்கக் கூடாது என்பது இரண்டாவது. தடை இருந்தும் அந்த நூல் இன்னும் மாடிகளில் வந்து விழுகிறது. அது பறவையின் சிறகையும் மனிதனின் கழுத்தையும் அறுப்பது ஏன் என்பதைப் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

அடுத்து, எருக்கஞ்செடி. பாழ்மனை, கால்வாய்க்கரை, மதிலோரம் என்று வடசென்னையில் அது முளைக்காத இடமில்லை. (ரயில் பாதையோரம் மண்டிக் கிடப்பதன் அருகே மட்டும் எந்நாளும் போக வேண்டாம்.) வீட்டுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு செடியைத் தேர்ந்தெடுத்து, வாரத்துக்கு இரண்டு முறை அதே செடியிடம் போய் நில்லுங்கள். கருப்பு நுனியும் அதில் வெள்ளைப் பட்டையும் கொண்ட ஆரஞ்சு நிற வண்ணத்துப்பூச்சி ஒன்று அதைச் சுற்றி வரும். வெந்தய வரியன் என்று அதற்குப் பெயர். அது இலையின் அடிப்பக்கத்தில் ஒவ்வொன்றாக முட்டையிடும்; முட்டை ஊசி முனை அளவே இருப்பதால் உங்களைவிட உங்கள் மகளின் கண்ணுக்குத்தான் முதலில் படும். சில நாட்களில் கருப்பும் வெள்ளையும் மஞ்சளுமாகப் பட்டை போட்ட புழு வெளிவரும். அதன் முதுகில் மூன்று ஜோடிக் கருப்பு இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும். தின்று பெருத்த பிறகு அது எங்கோ ஒரு தண்டில் தலைகீழாகத் தொங்கிக் கூட்டுப்புழுவாகும். முட்டையிலிருந்து இறக்கை விரிவது வரை ஏறத்தாழ ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும். ஒரு மாதம் ஒரே செடியைப் பார்த்த பிள்ளை, ஒரு நாள் சுற்றுலாவில் நூறு செடிகளைக் கடந்து போன பிள்ளையைவிட அதிகம் அறிந்திருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

எருக்கம்பால் கண்ணில் பட்டால் கருவிழியே கெட்டுவிடும் என்பதையும் அங்கேயே சொல்லிக் கொடுங்கள். இலையைக் கிள்ளக் கூடாது. கைபட்டால் சோப்புப் போட்டுக் கழுவாமல் கண்ணைக் கசக்கக் கூடாது. தவறிக் கண்ணில் தெறித்துவிட்டால் சுத்தமான தண்ணீரால் விடாமல் நெடுநேரம் கழுவி, வலி குறைந்தாலும் எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். அந்தச் செடியின் நஞ்சைத் தின்றுதான் புழு தன் உடலில் சேர்த்துக்கொள்கிறது, அதனால்தான் பறவைகள் அதைத் தொடத் தயங்குகின்றன என்று சொல்லிப் பாருங்கள்: எச்சரிக்கையே கதையாகிவிடும், பிள்ளைக்கும் மறக்காது.

நாள்தோறும் வெளிச்சத்தில் இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சீனாவின் குவாங்சௌ நகரப் பள்ளிகளில் நடந்து 2015இல் வெளியான ஆய்வொன்றில், தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே இருந்த முதல் வகுப்புப் பிள்ளைகளிடையே, மூன்று ஆண்டுகளில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் மற்ற பிள்ளைகளைவிடக் குறைவாக இருந்தார்கள். செல்போனைப் பிடுங்கி வைப்பதற்குச் செலவிடும் சண்டையை விட்டுவிட்டு அந்த 40 நிமிடத்தைப் பிடியுங்கள். சித்திரை, வைகாசியில் மட்டும் காலை எட்டரைக்கு முன்னும் மாலை ஐந்துக்குப் பின்னும் என்று நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். தண்ணீர் பாட்டில் ஆளுக்கொன்று இருக்கட்டும்.

நீங்கள் கேட்காத ஒரு ஆபத்தை இங்கே சொல்லியாக வேண்டும். எல்லோரும் பாம்பையும் தெருநாயையும் நினைத்துப் பயப்படுகிறார்கள்; எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலிச் சாலையிலும் உங்கள் பிள்ளைகளுக்கு அவற்றைவிடப் பெரிய ஆபத்து கன்டெய்னர் லாரிதான். ஓட்டுநரின் இருக்கை உயரத்திலிருந்து பார்த்தால், வண்டிக்கு மிக அருகில் நிற்கும் ஆறு வயதுக் குழந்தை கண்ணில் படாது. நின்றுகொண்டிருக்கும் லாரிகளுக்கு இடையே புகுந்து சாலையைக் கடக்கவே கூடாது. நடைமேம்பாலமோ சிக்னலோ இருக்கும் இடம் வரை நடப்பது அரை மணி நேரமானாலும் ஆகட்டும்.

நாய் கடித்தாலோ நகம் கீறினாலோ, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். அடி விழும் என்று பயந்து கடித்ததை மறைக்கும் பிள்ளைகள் உண்டு; உங்கள் வீட்டில் அந்தப் பயம் இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். பாம்பு கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் 108ஐ அழைத்து ஸ்டான்லி மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். மழைக்காலத்தில் தேங்கிய நீரில் வெறுங்காலோடு இறங்குவதை விலக்குங்கள். எலிக்காய்ச்சல் அப்படித்தான் வருகிறது.

இனி கடல். ராயபுரம் முதல் எண்ணூர் வரை கரையில் ஏன் மணலைவிடப் பாறை அதிகம் என்று உங்கள் மகன் கேட்டிருப்பானோ தெரியாது, கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். ஆண்டின் பெரும்பகுதி நம் கரையோரம் நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே மணலை அள்ளிக்கொண்டு போகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகச் சுவர் கடலுக்குள் நீண்டபோது அந்த மணல் தெற்கே தடைபட்டு மெரினா அகன்றது. வடக்கே மணல் வராமல் கடல் கரையைத் தின்றது. வீடுகளைக் காப்பதற்காகக் கொட்டியவைதான் இந்தக் கருங்கற்களும், கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவுகளும். அந்தக் கற்களில் பாசி வழுக்கும். இரண்டு கல்லுக்கு நடுவே கால் சிக்கினால் அடுத்த அலை வரும் முன் எடுக்க முடியாது. வளைவின் ஓரமாக நீர் கடலை நோக்கி இழுக்கும். மேலே அமைதியாகத் தெரியும் இடத்தில்தான் அந்த இழுப்பு வலுவாக இருக்கலாம் என்பது தெரியாததால்தான் நன்றாக நீந்தத் தெரிந்த இளைஞர்களும் போய்விடுகிறார்கள்.

மீனவர்கள் இந்த நீரோட்டங்களுக்கு வன்னி, தெண்டி என்று தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். வடக்கிலிருந்து வருவது வன்னி, தெற்கிலிருந்து வருவது தெண்டி. காசிமேட்டிலோ திருவொற்றியூர்க் குப்பத்திலோ தெரிந்த குடும்பம் இருந்தால், ஒரு காலையில் வலை பின்னிக்கொண்டிருக்கும் பெரியவரிடம் பிள்ளைகளை உட்கார வைத்து, இன்று நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எதைப் பார்த்துச் சொல்கிறீர்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். கடலிலேயே பிழைக்கும் அவர் அதற்கு எவ்வளவு பயந்து, எவ்வளவு மரியாதை கொடுத்துப் பேசுகிறார் என்பதை அவர்கள் நேரில் கேட்பது முக்கியம். நம் கரையில் பிள்ளைகள் கடலில் குளிக்கக் கூடாது என்பதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். கணுக்கால் நனைப்பதும், இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்னும் நிலையில், வேண்டாம். கல்லுக்கு இந்தப் பக்கம், சாலையோரம் நின்று பாருங்கள். தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் பருவத்தில் இறந்து ஒதுங்கிய ஆமையைக் காண நேரலாம். 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையெங்கும் அப்படி நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. ஆமைக்கும் மூச்சு விட மேலே வர வேண்டும், வலையில் சிக்கினால் அதுவும் மூழ்கித்தான் சாகும் என்று சொல்லுங்கள். தொட வேண்டாம்.

நீச்சலைக் கட்டாயம் கற்றுக்கொடுங்கள், குளத்தில். பெரியமேட்டில் மை லேடீஸ் பூங்காவில் மாநகராட்சியின் நீச்சல் குளம் இருக்கிறது. வயது, உயரக் கட்டுப்பாட்டை நேரில் விசாரியுங்கள். அதோடு இன்னொன்றையும் வீட்டிலேயே பழக்குங்கள்: யாராவது தண்ணீரில் தத்தளித்தால் பின்னால் குதிக்கக் கூடாது; சத்தம் போட்டுப் பெரியவர்களை அழைக்க வேண்டும்; துப்பட்டாவோ கயிறோ நீட்ட வேண்டும், காலித் தண்ணீர் கேனைத் தூக்கி எறிய வேண்டும். ஒருவரைக் காப்பாற்றக் குதித்து இருவர், மூவர் என்று சேர்ந்து இறப்பது நம் ஊரில் அடிக்கடி நடக்கிறது. ரெட்டேரி, மாதவரம் ஏரிகளுக்கும் இதே விதிதான். பறவை பார்க்கக் கரையில் நிற்கலாம். ஆனால் ஏரியில் மண் எடுத்த பள்ளம் எங்கே இருக்கிறது என்று மேலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை கணவர் வீட்டில் இருந்தால் கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் ஏறுங்கள். எண்ணூரைத் தாண்டியதும் கொசஸ்தலை ஆற்றின் நீர்ப்பரப்பைக் கடக்கும்போது கொக்கு, நீர்க்காகம், அதிர்ஷ்டம் இருந்தால் கூழைக்கடா ஆகியவற்றை ஜன்னலோரத்திலிருந்தே பார்க்கலாம். வாசலில் நிற்காமல் உட்கார்ந்து பார்ப்பதாக இருந்தால் இதைவிடப் பத்திரமான பறவை நோக்கல் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்து இந்தக் கழிமுகம் முழுவதும் படர்ந்தது, கூழைக்கடாக்களின் இறகில் அது அப்பியது, இரால் தடவிப் பிழைத்தவர்களின் கைக்கு வேலையில்லாமல் போனது எல்லாவற்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். உங்கள் பகுதியில் இயற்கை இல்லை என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். இருக்கிறது, சகோதரி, அடிபட்டுக் கிடக்கிறது. அதைப் பார்த்து வளரும் பிள்ளைகள்தான் நாளைக்கு அதற்காகப் பேசுவார்கள்.

பொன்னேரியில் இறங்கிப் பேருந்தில் பழவேற்காடு போனால் குளிர்காலத்தில் பூநாரைகளைக் காணலாம். 2011 டிசம்பர் 25 அன்று அங்கே படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை மறக்க வேண்டாம். யார் எவ்வளவு குறைந்த கட்டணம் சொல்லி அழைத்தாலும் படகில் ஏறாமல் கரையிலிருந்தே பாருங்கள். வெளியூர் போகும் நாளில் மகளுக்குக் கழிப்பறை எங்கே கிடைக்கும் என்பதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு சங்கடத்தாலேயே பல தாய்மார்கள் பெண் பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு மகனை மட்டும் அழைத்துப் போகிறார்கள், அது நியாயமில்லை.

பொங்கல் விடுமுறையில் தமிழகம் முழுவதும் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் உங்கள் மொட்டை மாடியிலிருந்தே சேர்ந்துகொள்ளலாம். 2015 முதல் நடக்கிறது. பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று, கண்ட பறவைகளை எண்ணி இ-பேர்ட் செயலியில் பதிவிட்டால் போதும். அந்தப் பதினைந்து நிமிடத்துக்குச் செல்போன் மகன் கையில் இருக்கட்டும்.

மகனைத் தனியே அனுப்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். பெரிய சாலையைக் கடக்காமல் போகக்கூடிய பூங்காவுக்கோ விளையாட்டுத் திடலுக்கோ, உங்களுக்குத் தெரிந்த இரண்டு பையன்களோடு, விளக்கு போடுவதற்குள் திரும்ப வேண்டும் என்று சொல்லி அனுப்பலாம். மூவரும் சேர்ந்தே போய்ச் சேர்ந்தே வர வேண்டும். இடத்தை மாற்றுவதாக இருந்தால் முதலில் வீட்டுக்கு வந்து சொல்ல வேண்டும். கடல், ஏரி, கால்வாய், கல் குவாரி ஆகியவற்றுக்குப் பெரியவர் இல்லாமல் பதினெட்டு வயது வரை அனுமதி இல்லை. இதைக் கணவர் வீட்டில் இருக்கும் நாளில், மாமியாரையும் உட்கார வைத்துக்கொண்டு, மூவருமாக அவனிடம் பேசுங்கள். தெருப் பையனுக்கு நேர்ந்ததை அவன் அரைகுறையாகக் கேட்டிருப்பான். அதை முழுதாக, பயமுறுத்தாமல், உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். அவன் கேட்கும் எந்தக் கேள்விக்கும் ‘சும்மா இரு’ என்று மட்டும் பதில் சொல்லிவிடாதீர்கள்.