கால்வலி மேலே ஏறுகிறதா, கீழே இறங்குகிறதா?

கேள்வி: யாங்கோன் தெயின்ஜி சந்தையில் மசாலாக் கடை வைத்திருக்கிறேன். வயது 48. இரண்டு மாதமாக இடுப்பிலிருந்து வலது கால் பெருவிரல்வரை சுளீரென்று இழுக்கிறது. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் எல்4-எல்5, அதாவது இடுப்புப் பகுதி முதுகெலும்பில் நான்காம், ஐந்தாம் எலும்புகளுக்கு நடுவே உள்ள ஜவ்வு பிதுங்கியிருக்கிறதாம். ஆபரேஷன்தான் வழி என்கிறார் ஒருவர். முதுகில் ஏறி மிதித்துவிடும் ஆளிடம் போகலாம் என்கிறார் என் வீட்டுக்காரர். குடியிருப்பது நான்காம் மாடி, லிஃப்ட் கிடையாது. நான் என்ன செய்யட்டும்?

பதில்: சகோதரி, முதலில் நீங்கள்தான் எனக்குப் பதில் சொல்ல வேண்டும். சிறுநீர் அடைபடுகிறதா, தெரியாமலே கழிகிறதா? உட்காரும் இடம் மரத்துப்போகிறதா? அப்படியானால் இன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு நழுவினாலும் நாள் கடத்தாதீர்கள். இவை எதுவும் இல்லையென்றால் நமக்கு அவகாசம் இருக்கிறது.

எல்4-எல்5 ஜவ்வு பிதுங்கினால் பெரும்பாலும் உரசுவது எல்5 நரம்பை. அது கெண்டைக்காலின் வெளிப்பக்கமாக இறங்கிப் பெருவிரலில் முடிகிறது. நீங்கள் சொல்லும் வலி அதே பாதையில்தான் போகிறது. ஆனால் ரிப்போர்ட்டில் உள்ள 'பிதுக்கம்' என்ற சொல்லுக்குப் பயப்படாதீர்கள். வலியே இல்லாதவர்களைப் படமெடுத்தாலும் இருபது வயதில் சுமார் 30 சதவீதம் பேருக்கும், ஐம்பதில் சுமார் 60 சதவீதம் பேருக்கும் ஜவ்வு பிதுங்கியிருக்கும். படத்தைவிட உங்கள் கால் சொல்வதையே நான் நம்புவேன்.

காலிடம் எப்படிக் கேட்பது? பாயில் குப்புறப் படுங்கள். இரண்டு மூன்று நிமிடம் கழித்து முழங்கைகளை ஊன்றி நெஞ்சை மட்டும் உயர்த்துங்கள். விரலில் இருந்த வலி கெண்டைக்காலுக்கும், அங்கிருந்து இடுப்புக்கும் ஏறினால் நல்ல அறிகுறி. இடுப்பு கொஞ்சம் கூடுதலாக வலித்தாலும் பரவாயில்லை. பகலில் ஐந்தாறு முறை செய்யலாம். வலி கீழே இறங்கினால் உடனே நிறுத்திவிட்டு, ஒரு பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள். உட்காருவது, நடப்பது, தூக்குவது எல்லாவற்றுக்கும் இதுவே அளவுகோல்.

நீங்கள் எழுதாத ஒன்றைத்தான் நான் அதிகம் சந்தேகிக்கிறேன்: கடையிலும் டீக்கடையிலும் உட்காரும் அந்தக் குட்டை ஸ்டூல். அதில் முழங்கால் இடுப்பைவிட மேலே போய்விடுகிறது. முதுகு வளைந்து, ஜவ்வைப் பின்னால், நரம்பின் பக்கமாகவே தள்ளுகிறது. உயரமான நாற்காலி போடுங்கள். அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நில்லுங்கள். குத்துக்காலிட்டு உட்காரும் கக்கூஸானால் இப்போதைக்கு மேலே நாற்காலிச் சட்டம் ஒன்று வையுங்கள். மலச்சிக்கலும் ஆகாது, முக்கும்போது வலி காலில் தெறிக்கும்.

மாடிப்படி ஏறுவதில் தவறில்லை, கைப்பிடியைப் பிடித்து நிதானமாக ஏறுங்கள். ஆனால் பால்கனியிலிருந்து தெருவுக்குத் தொங்கவிடும் கயிற்றில் சாமானை மேலே இழுக்கிறீர்களா? கம்பிமேல் குனிந்து எடையை இழுப்பது இந்த நோய்க்கு மிக மோசமான வேலை. அதை வீட்டுக்காரரோ பிள்ளைகளோ செய்யட்டும். மிளகாய் மூட்டையையும் அரிசி மூட்டையையும் மூன்று மாதத்துக்குத் தொட வேண்டாம். அதற்காகப் படுத்தே கிடக்கவும் வேண்டாம். தினமும் இரண்டு வேளை, பத்து நிமிடமாவது சமதரையில் நடங்கள்.

மிதித்துவிடும் ஆள் வேண்டவே வேண்டாம். நசுங்கிய நரம்பின்மேல் ஒருவர் ஏறி நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை. வெந்நீர் ஒத்தடம், இதமான எண்ணெய்த் தடவல் போதும். பெயரில்லாமல் பொட்டலமாகக் கட்டித் தரும் கலவை மாத்திரைகளையும் வாங்காதீர்கள். அவற்றில் ஸ்டீராய்டு இருந்தால் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறும். டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் போன்றவையும் வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆபத்து; டாக்டரைக் கேட்டுச் சில நாள் மட்டும் எடுங்கள். நரம்புக்கென்று பிரிகாபலின் எழுதித் தருவார்கள். 2017இல் வெளியான ஓர் ஆய்வில் இந்தக் கால்வலிக்கு அது மருந்தில்லாத வெற்று மாத்திரையைவிட மேலாக வேலை செய்யவில்லை. ஏற்கெனவே சாப்பிட்டு வந்தால் திடீரென்று நிறுத்தாமல் டாக்டர் சொல்படி குறையுங்கள்.

ஆபரேஷனை நான் எதிர்க்கவில்லை. நெதர்லாந்தில் கடுமையான கால்வலி இருந்த 283 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2007இல் வெளிவந்தது. கத்தி வைத்தவர்களுக்கு வலி சீக்கிரம் குறைந்தது. ஓராண்டு முடிவில் காத்திருந்தவர்களும் ஏறக்குறைய அதே நிலைக்கு வந்திருந்தார்கள். ஆகவே இன்னும் ஆறு வாரம் ஸ்டூலை மாற்றி, நடந்து, குப்புறப் படுத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் வலி விரலிலேயே நின்று தூக்கத்தைக் கெடுத்தால், அப்போது அறுவை மருத்துவரிடம் போகலாம். வலி எந்தத் தேதியில் எதுவரை ஏறியது, இறங்கியது என்று ஒரு தாளில் குறித்து எடுத்துப் போங்கள்.