அண்ணா நகரில் அத்தோ உணவகம் ஓடுமா?

வணக்கம். சென்னை அண்ணா நகரில் குளிரூட்டப்பட்ட அத்தோ (பர்மிய நூடுல்ஸ்) உணவகம் ஓடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். 1960களில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த அத்தோவையும் வாழைத்தண்டு சேர்த்த மொய்ங்கா என்ற நூடுல்ஸ் சூப்பையும் கடற்கரை ரயில் நிலையத்துப் பக்கம் நின்றபடியே சாப்பிட்டுப் பழகியவர், அதே தட்டுக்கு இரண்டு மடங்கு கொடுக்கத் தயங்குவார்; ஆகவே, அந்தச் சுவையையே அறியாத குடும்பத்தினர் மறுபடியும் வருவார்களா என்பதைத்தான் நீங்கள் சோதிக்க வேண்டும். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் இரண்டு மாதம் வார இறுதிகளில் மட்டும் சிறு கடை போட்டு, மூன்றாம் முறையாக வருபவர்களை எண்ணுங்கள் (நண்பர்களைச் சேர்க்க வேண்டாம்). 5 விழுக்காடு ஜிஎஸ்டி வசூலிக்கும் உணவகம், கடை வாடகை மீதான 18 விழுக்காட்டு வரியைத் தான் அரசுக்குக் கட்டும் ஜிஎஸ்டியிலிருந்து கழித்துக்கொள்ள முடியாது என்பதால், அதையும் செலவாகவே கணக்கில் வையுங்கள்.