கிழக்கா, மேற்கா? மெக்ஆர்தர் மேஸில் வழி தவறாமல் இருக்க

கேள்வி: சான் பிரான்சிஸ்கோவில் வாடகைக் கார் எடுத்து பெர்க்லியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறோம். அப்புறம் அங்கிருந்து ஓக்லாந்து விமான நிலையம். வழியில் ஒரே சாலைக்கு ‘80 கிழக்கு’, ‘580 மேற்கு’ என்று இரண்டும் போட்டிருக்குமாமே, எதை நம்புவது?

பதில்: இரண்டுமே சரிதான். திசையை விட்டுவிட்டு எண்ணையும் ஊர்ப் பெயரையும் பார்த்து ஓட்டுங்கள்.

சான் பிரான்சிஸ்கோவையும் ஓக்லாந்தையும் இணைக்கும் பே பிரிட்ஜ் ஓக்லாந்து பக்கம் இறங்கும் இடத்தில் 80, 580, 880 என்ற மூன்று நெடுஞ்சாலைகளும் சந்திக்கின்றன. அதுதான் மெக்ஆர்தர் மேஸ். அமெரிக்காவில் நெடுஞ்சாலையின் திசையை அதன் முழு நீளத்தை வைத்துக் குறிக்கிறார்கள். 80 கிழக்குக் கரையோர நியூ ஜெர்சி வரை போவதால் கிழக்கு. 580 விரிகுடாவின் மேற்குக் கரையில் உள்ள சான் ரஃபேலில் முடிவதால் மேற்கு. ஆனால் மேஸிலிருந்து ஆல்பனி வரை இரண்டுக்கும் ஒரே சாலை, அதுவும் விரிகுடாக் கரையோரமாக வடக்கே போகிறது! 1984-இல் பழைய 17-ஆம் எண் சாலையின் ஒரு பகுதியை 580 ஆக்கியதில் வந்த குழப்பம் இது.

போகும்போது சிரமமில்லை. பாலம் முடிந்ததும் 80-லேயே பெர்க்லி பக்கம் பிரிந்தால் போதும்.

திரும்பும்போதுதான் கவனம் வேண்டும். ‘80 மேற்கு, 580 கிழக்கு’ என்ற பலகையைப் பார்த்து ஏறி, மேஸில் ‘880 தெற்கு’ பிரிவைப் பிடியுங்கள். தவறிப்போய் 580-இல் போய்விட்டால் பதற வேண்டாம், 980 வழியாக 880-க்கு வந்துவிடலாம். 80-லேயே இருந்துவிட்டால்தான் சிக்கல்: டோலைத் தாண்டி மறுபடி பாலத்தில் ஏறிவிடுவீர்கள்.

மொபைல் மேப்பை மட்டும் நம்பாதீர்கள். இங்கே இணைப்புப் பாலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் போகின்றன, பிரிவுகளும் அடுத்தடுத்து வந்துவிடும். 2007 ஏப்ரல் 29 அதிகாலையில், நீங்கள் போகப்போகும் இதே 880 இணைப்பில் ஒரு பெட்ரோல் டேங்கர் கவிழ்ந்து எரிந்தபோது, மேலே இருந்த 580 இணைப்புப் பாலம் சூட்டில் வளைந்து அதன்மேல் விழுந்தது. அதை 26 நாளில் மறுபடி கட்டித் திறந்தார்கள் என்பது பெரிய சாதனை.

880-இல் லாரிகள் அதிகம். பக்கத்திலேயே துறைமுகம், ஓக்லாந்துக்குள் 580-இல் கனரக லாரிகளுக்குத் தடையும் இருக்கிறது. அதனால் இடைவெளி விட்டு ஓட்டுங்கள்.

டோல் சான் பிரான்சிஸ்கோ போகும் திசையில் மட்டும்தான், ரொக்கம் வாங்குவதில்லை. வாடகைக் கார் என்றால் டோலோடு சேவைக் கட்டணமும் சேரலாம். கார் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.