பேதுருவின் மறுதலிப்பு: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: ஐயா, வேலையிடத்தில் கேலி செய்தபோது "நான் சர்ச்சுக்கெல்லாம் போறதில்லை" என்று சொல்லிவிட்டேன். ஒரு மாதமாகத் தூக்கமில்லை. முதியோர் இல்லத்தில் சாப்பாடு போட்டால் தீருமா?

பதில்: சாப்பாடு போடுங்கள், தம்பி. ஆனால் இதைத் தீர்க்கப் போடாதீர்கள். யோவான் சுவிசேஷத்தில் 18, 21 ஆகிய இரண்டு அதிகாரங்களையும் சேர்த்து வாசியுங்கள். இயேசு பிடிபட்ட இரவில், பிரதான ஆசாரியனுடைய முற்றத்தில் கரிநெருப்பில் குளிர்காய்ந்து நின்றபோது, சீஷர் பேதுரு "நான் அவருடைய சீஷன் அல்ல" என்று மறுதலித்தார். கரிநெருப்பு என்பதற்கான அந்தக் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் இன்னும் ஒரே இடத்தில்தான் வருகிறது. உயிர்த்த இயேசு திபேரியாக் கடற்கரையில் கரிநெருப்பின்மேல் மீன் வைத்திருக்கிறார். பேதுருவிடம் விளக்கம் கேட்கவில்லை, சாப்பிடக் கூப்பிடுகிறார். சாப்பிட்டு முடிந்த பிறகுதான் "என் ஆடுகளை மேய்ப்பாயாக" என்கிறார். வயிறார உண்டவனிடம் ஒப்படைத்த வேலை அது, அபராதம் அல்ல. அப்புறம், கேலி செய்தவரிடம் போய் "அன்றைக்குப் பொய் சொன்னேன்" என்று சொல்லுங்கள்.

கேள்வி: இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசும் வருந்தினானே?

பதில்: வருந்தினான். 30 வெள்ளிக்காசையும் திருப்பிக் கொடுத்தான். ஆனால் அவன் போய் நின்றது ஆசாரியர்களிடம். "எங்களுக்கென்ன" என்று கைவிட்டார்கள். அவன் தனியாகப் போய் உயிரை மாய்த்துக்கொண்டான். பேதுரு மனங்கசந்து அழுதார், ஆனாலும் மற்ற சீஷர்களோடு இருந்தார். குற்ற உணர்வோடு தனியாக இருக்காதீர்கள். உயிரை விடத் தோன்றினால் இன்றைக்கே நம்பிக்கையான ஒருவரிடம் பேசுங்கள்.

கேள்வி: பாவம் தீர 100 பேருக்குப் பிரியாணி போடலாமா?

பதில்: முதல் பதிலைப் பாருங்கள். போட்டால் படம் எடுத்துப் பகிராதீர்கள். வாங்குகிறவர்களுக்கும் முகம் இருக்கிறது.

கேள்வி: அந்தக் கடற்கரையில் சாப்பிட்ட பிறகு இயேசு "அன்பாயிருக்கிறாயா" என்கிறார், பேதுரு "நேசிக்கிறேன்" என்கிறார். கிரேக்கத்தில் முதலாவது உயர்ந்த அன்பு, இரண்டாவது வெறும் நட்பு என்கிறார்களே?

பதில்: எனக்கு உடன்பாடில்லை. பிதா குமாரனில் அன்பாயிருக்கிறார் என்று சொல்ல யோவான் 3:35-இல் அந்த முதல் சொல் வருகிறது, 5:20-இல் இரண்டாவது சொல். பிதாவின் அன்பு இரண்டு அதிகாரத்துக்குள் குறைந்துவிட்டதா?

கேள்வி: அப்படியானால் பேதுரு ஏன் துக்கப்பட்டார்?

பதில்: மூன்றாந்தரம் கேட்டதால் என்று வசனமே சொல்கிறது. மூன்று முறை மறுதலித்தவருக்கு அந்த எண்ணிக்கை சுடாதா? 20 வருடமாக வேதபாட வகுப்பில் இந்தச் சொல் விவாதம் கேட்கிறேன். ஒவ்வொரு முறையும் நேரம் அதிலேயே போய், ஆடுகள் யார், நம் தெருவில் பசித்திருப்பது யார் என்று ஒருவரும் கேட்காமல் கலைந்துபோகிறோம். எனக்கு அது மிகவும் வலிக்கிறது.

கேள்வி: தானம் செய்தால் மறுதலித்த பாவம் போகுமா?

பதில்: மூன்றாவது முறையாக இதே கேள்வி. போகாது. மேலே வாசியுங்கள்.

கேள்வி: பேதுரு மறுபடி விழவேயில்லையா?

பதில்: விழுந்தார். பவுல் எழுதிய கலாத்தியர் நிருபம் 2-ஆம் அதிகாரம்: அந்தியோகியாவில் புறஜாதியாரோடு, அதாவது யூதரல்லாதவர்களோடு, சாப்பிட்டவர், எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும் பயந்து விலகினார். பவுல் முகமுகமாய் எதிர்த்தார். அதே அதிகாரத்தில்தான் தரித்திரரை நினைக்கும்படி பேதுருவும் மற்றவர்களும் பவுலைக் கேட்டுக்கொண்டதும் இருக்கிறது. ஏழைகளுக்காகப் பேசிய அதே மனிதர் பந்தியில் தவறினார். சாதி பார்க்கிற நம் சபைகள் இதை மெதுவாக வாசிக்க வேண்டும்.

கேள்வி: மறுதலித்தவர் மறுபடி ஞானஸ்நானம் எடுக்க வேண்டுமா?

பதில்: பேதுருவிடம் அப்படிக் கேட்டதாக இல்லை. உங்கள் சபை ஒழுங்கை ஆயரிடம் கேளுங்கள்.