அப்பாவின் துக்கம் எந்தத் துக்கம்?

கேள்வி: விலை கிடைக்காமல் மாந்தோப்பை வெட்டிய அப்பாவைப் பற்றி ஒரு சிறுகதை எழுதினேன். படித்தவர்கள் 'நல்லா இருக்கு' என்கிறார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் யாருக்கும் நினைவில் இல்லை. எதைத் திருத்துவது?
— ஒரு வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: கதையை இரண்டு முறை படித்தேன். நடையில் குறையில்லை. ஆனால் 'நெஞ்சு வெடித்தது', 'கண்கள் குளமாயின' என்று அழ வேண்டியதையெல்லாம் நீங்களே அழுது முடித்துவிட்டீர்கள். படிப்பவருக்கு எதுவும் மிச்சமில்லை.

தொல்காப்பியத்தில் உணர்ச்சிகள் வெளிப்படும் விதத்தைப் பேசும் மெய்ப்பாட்டியல் என்ற பகுதி அழுகைக்கு நான்கு காரணம் சொல்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இகழ்ந்து நடத்துவது இளிவு. உறவையோ உடைமையையோ பறிகொடுப்பது இழவு. முன்பிருந்த நிலை கெட்டுத் தாழ்வது அசைவு. வறுமை நமக்குத் தெரிந்ததுதான். எழுத உட்காரும் யாருக்கும் இதைவிட உதவியான பட்டியல் எனக்குத் தெரியாது. உங்கள் கதையில் நான்கும் கலந்து கிடப்பதால் ஒன்றும் தைக்கவில்லை.

நானாக இருந்தால் இளிவை எடுப்பேன். மாங்கூழ் ஆலை வாசலில் இரண்டு நாளாக டிராக்டரோடு வரிசையில் நின்றவரிடம், ஆலை ஆள் முகத்தைக்கூடப் பார்க்காமல் விலை சொல்கிறான். அதை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். கதை அங்கேதான் இருக்கிறது! வெயிலில் பெங்களூரா ரக மாங்காய் கனிந்து வாசம் மாறிக்கொண்டிருக்கிறது. அப்பா என்ன செய்வார்? அந்த விலைக்கே கொடுப்பாரா, சாலையோரம் கொட்டிவிட்டு வருவாரா? அவர் செய்வதை வைத்துத்தான் அவர் யாரென்று நமக்குத் தெரியும். அந்த இடம் சரியாக அமைந்தால் மரம் வெட்டுவதை இரண்டே வாக்கியத்தில் சொல்லலாம், கண்ணீரே வேண்டாம்.

ஆலை ஆளை வில்லனாக்கிவிடாதீர்கள். பழம் தேங்கிக் கிடக்கிறது, விலை அவன் கையில் இல்லை. அவனும் ஒரு விவசாயி வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம்.

முடிவில் திருப்பம் வேண்டுமோ என்றும் கேட்டிருந்தீர்கள். தேவையில்லை. தர்மபுரிப் பக்கம் பாரதக் கூத்தில் துகிலுரிதல் அன்று வந்து உட்காருகிறவர்களுக்குக் கதை சிறுவயதிலிருந்தே தெரியும். அப்படியும் விடிய விடிய எழுந்து போவதில்லை.

அப்புறம், திருத்திய கதையைப் படித்தவரிடம் 'எப்படி இருக்கு' என்று கேட்க வேண்டாம். பத்து நாள் கழித்து, 'என்ன நடந்துச்சு, சொல்லுங்க' என்று கேளுங்கள். அவர் நின்று நிதானமாகச் சொல்லும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். விட்டுவிட்டுப் போகும் பத்திகளை அடுத்த படியில் வெட்டிவிடலாம்.