தாத்தா பாட்டி காலத்துச் சிக்கனம் இன்றைய வாடகை வீட்டில் நடக்குமா?

நடக்கும், எல்லாம் நடக்காது.

தருமபுரி டவுனில் வாடகை வீடு, நாலு பேர், மாதம் இருபதாம் தேதிக்கு மேல் கையில் காசு நிற்பதில்லை என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். இப்படிக் கேட்டாலே "ஆசையைக் குறைத்துக்கொள்" என்று உபதேசம் பண்ண நாலு பேர் வந்துவிடுவார்கள். இருபதாம் தேதியே பர்ஸைத் தடவிப் பார்ப்பவரிடம் ஆசையைப் பற்றிப் பேசுவது அநியாயம். நம் பக்கத்துப் பழைய வீடுகளுக்கு ஒரு கணக்குத் தெரியும். எது எந்த மாதம் மலியும், எவ்வளவு வாங்கிப் போட்டால் மறுவருடம் அதே மாதம் வரை வரும், எப்படி வைத்தால் கெடாது. இந்த மூன்றும் கைவந்தால் பாதி வேலை முடிந்தது.

புளியில் தொடங்குங்கள். தருமபுரியும் கிருஷ்ணகிரியும் புளிக்குப் பேர் போன ஊர்கள். இங்கே குடியிருந்துகொண்டு மாதாமாதம் கால் கிலோ பாக்கெட் வாங்குவது எனக்குப் பொறுக்கவில்லை. தினம் எலுமிச்சை அளவு, அதாவது சுமார் 30 கிராம் கரைக்கிற வீட்டுக்கு வருடத்துக்கு 11 கிலோ ஆகும். மாசி, பங்குனியில் மரம் உலுக்குகிற சமயத்தில் சந்தைக்குப் போங்கள். ஓட்டோடு வாங்கினால் விலை கம்மியாகத் தெரியும், ஏமாந்துவிடாதீர்கள். ஓடு, கொட்டை, நார் போனால் எடையில் பாதிகூட நிற்காது. 10 கிலோவில் 4 கிலோ சதை தேறினால் நல்ல பழம். அதனால் ஓட்டோடு சொல்லும் விலையை இரண்டரையால் பெருக்கி, கொட்டை எடுத்த புளியின் விலையோடு வைத்துப் பாருங்கள். மிச்சமாகும் தொகை உங்கள் இரண்டு மூன்று நாள் உழைப்புக்குக் கட்டுபடியானால் வாங்கலாம். மொட்டை மாடி இல்லாத வாடகை வீடு என்றால் ஓடு நீக்கிய கொட்டைப் புளிதான் தோது.

ஓட்டோடு வாங்கினால் இரண்டு நாள் நல்ல வெயிலில் பரப்ப வேண்டும். ஓடு சதையை விட்டு விலகிவிடும், கையில் எடுத்துக் குலுக்கினால் சத்தம் கேட்கும். அதற்குப் பிறகு கட்டையால் லேசாகத் தட்டினால் போதும். அவசரப்பட்டு முதல் நாளே தட்டினால் ஓட்டுத் தூள் சதையில் அப்பிக்கொள்ளும், வருடம் முழுக்க ரசத்தில் பல்லில் நறநறக்கும். நாரைக் காம்புப் பக்கம் பிடித்து இழுத்தால் கொத்தாக வந்துவிடும். கொட்டையை எடுக்கும்போது சோம்பல் வேண்டாம். வண்டு பெரும்பாலும் கொட்டையைத் துளைத்துத்தான் குடியேறும், நாலு கொட்டை உள்ளே தங்கினாலும் ஜாடிக்கு ஆபத்து. கொட்டை எடுத்த பிறகு இன்னும் ஒரு நாள் வெயில் காட்டுங்கள்.

கிலோவுக்கு 100 கிராம் கல் உப்பு. ஜாடி அடியில் ஒரு கை உப்பு, மேலே நாலு விரல் உயரத்துக்குப் புளி, மறுபடி உப்பு. ஒவ்வொரு அடுக்கையும் முஷ்டியால் நன்றாக அமுக்க வேண்டும். காற்று தங்குகிற இடத்தில்தான் பூஞ்சை பிடிக்கும். பீங்கான் ஜாடி, பழகிய மண்பானை, மூடி இறுகும் கண்ணாடி பாட்டில் எல்லாம் சரி. அலுமினியம், பித்தளை, தகர டப்பா கூடவே கூடாது, புளிப்பு உலோகத்தை அரித்து உணவில் இறக்கிவிடும். ஆறேழு மாதத்தில் கறுத்தால் பயப்படாதீர்கள், அது பழம்புளி, குழம்புக்கு அதுதான் வேண்டும் என்று தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஐப்பசி மழையில் மேலே கசிந்திருந்தால் எடுத்து ஒரு வெயில் காட்டி மறுபடி அமுக்குங்கள். இன்னொன்று, உப்புப் போட்ட புளி 30 கிராம் எடுத்தால் அதிலேயே அரை டீஸ்பூன் உப்பு இருக்கும். இது தெரியாமல் வழக்கம்போல் உப்புப் போட்டுவிட்டு "சந்தைப் புளி சரியில்லை" என்பார்கள்.

இரண்டு தடவை கரைத்துப் பிழிந்த சக்கையைக் கொட்டிவிடாதீர்கள். கொஞ்சம் உப்போடு பித்தளைக் குடத்தில் தேய்த்தால் பச்சைக் களிம்பு போய்விடும், அதற்கென்று தனிப் பவுடர் எதற்கு? கொட்டையைச் சேர்த்து வைத்தால் எடைக்கு எடுத்துக்கொள்ளும் வியாபாரிகள் இருக்கிறார்கள். அந்தக் கொட்டை மாவு நெசவு நூலுக்குக் கஞ்சி போடப் போகிறது.

கேட்டதற்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். சாலை அகலப்படுத்தும்போதெல்லாம் முதலில் விழுவது ஓரத்துப் புளியமரம். ஒரு மரம் நல்ல காய்ப்புக்கு வர பத்து வருடத்துக்கு மேல் ஆகும், வந்தால் பேரன் காலம் தாண்டியும் காய்க்கும். வெட்டிவிட்டு, சாலை நடுவில் அரளியை வைத்துவிட்டு மரம் நட்டாயிற்று என்று கணக்குக் காட்டுகிறார்கள். அரளியை உலுக்கி யார் வீட்டு ஜாடி நிறையும்?

அடுத்து ராகி. மாவாக வாங்காதீர்கள். காய்ந்த மணி வருடக்கணக்கில் நிற்கும், மாவு ஒரு மாதம் தாண்டினால் காறல் தட்டும், பூச்சி விழும். மொத்தமாக வாங்கிக் கல் பொறுக்கி, கழுவிக் காயவைத்து, மாதம் 4 அல்லது 5 கிலோ மட்டும் மில்லில் கொடுங்கள். 2023-ல் தருமபுரி, நீலகிரி மாவட்டங்களில் ரேஷனில் அரிசிக்குப் பதில் 2 கிலோ ராகி கொடுக்கும் திட்டம் தொடங்கினார்கள். உங்கள் கடையில் கேட்டுப் பாருங்கள்.

களிக்கு நாலு பேர் அளவு: நொய் அரை டம்ளர், தண்ணீர் 5 டம்ளர், மாவு 2 டம்ளர். நொய் குழைந்ததும் தீயைக் குறைத்து மாவை நடுவில் குவியலாகக் கொட்டுங்கள். கிண்டக் கூடாது. நடுவில் கரண்டிக் காம்பால் ஒரு குழி குத்தி, மூடி, பத்து நிமிடம் விடுங்கள். மேலே நிற்கும் தண்ணீரை ஒரு கிண்ணத்தில் வடித்து வைத்துக்கொண்டு, கட்டையால் பாத்திரத்தின் ஓரத்தோடு அழுத்திக் கிண்டி, இறுகினால் அந்தத் தண்ணீரையே திரும்ப விடுங்கள். மாவு போட்டதும் கிண்டுகிறவர்களுக்குத்தான் உள்ளே வேகாத கட்டி வரும். ஈரக் கையால் தொட்டால் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். இரவு மிஞ்சிய உருண்டையைத் தண்ணீரில் போட்டு வைத்தால் காலையில் மோர், உப்பு, சின்ன வெங்காயம் சேர்த்துக் கரைத்துக் கூழாகக் குடிக்கலாம். காலை டிபன் செலவு அதோடு போயிற்று. சித்திரை, வைகாசியில் மட்டும் மத்தியானம் வரை விடாதீர்கள், புளித்து நாறிவிடும்.

களிக்குத் தொட்டுக்கொள்ளக் கொள்ளு. ஒரு டம்ளர் கொள்ளை இரவே ஊறவைத்து, 5 டம்ளர் தண்ணீரில் வேகவைத்தால் வடித்த தண்ணீர் ரசத்துக்கு, வெந்த கொள்ளு கடைசலுக்கு. ஒரு அடுப்பு, இரண்டு பதார்த்தம். ஊறவைக்காமல் போட்டால் கேஸ் இரட்டிப்பாகும், அப்புறம் என்ன சிக்கனம்?

தக்காளியில் எல்லோரும் சறுக்குகிறார்கள். ராயக்கோட்டைச் சந்தையில் விலை விழுந்த நாளில் ஒரு கூடை வாங்கிவந்து தொக்குப் போடுவார்கள். தொக்கு கெடாமல் இருக்க எண்ணெய் மேலே மிதக்க வேண்டும். தக்காளியில் மிச்சம் பிடித்தது எண்ணெயில் போய்விடும். அதற்குப் பதில் தக்காளியை நாலாக நறுக்கி, கிலோவுக்கு ஒரு கைப்பிடி உப்பில் ஓர் இரவு பிசறி வைத்து, வெட்டுப்பக்கம் மேலே இருக்கும்படி நாலைந்து நாள் காயவைத்தால் வற்றல். வளைத்தால் ஒடிய வேண்டும், வளைந்து கொடுத்தால் இன்னும் ஒரு வெயில்.

"பழங்காலத்தைப் பொற்காலமாக்குகிறான்" என்று யாராவது கிளம்புவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். திருகை சுற்றியதும் உரலில் குத்தியதும் வீட்டுப் பெண்கள். அந்த முதுகுவலியைக் கணக்கில் எழுதாமல்தான் அந்தக் காலத்துச் சிக்கனம் மலிவாகத் தெரிகிறது. மில்லும் குக்கரும் இருக்கட்டும். புளி தட்டும் வேலையில் வீட்டு ஆண்களும் உட்காரட்டும்.

சிலதை விட்டே விட வேண்டும். சாம்பல் போட்டுப் பாத்திரம் விளக்கியது, வீட்டில் விறகடுப்பு எரிந்ததால். சாம்பலின் காரம் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும், அலுமினியத்தைக் கறுக்க வைக்கும். கேஸ் அடுப்பு வீட்டுக்காரர் "பாரம்பரியச் சாம்பல்" என்று பாக்கெட்டில் காசு கொடுத்து வாங்கினால் அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

அதைவிட முக்கியம் தண்ணீர். கேன் தண்ணீர் செலவைக் குறைக்கிறேன் என்று ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்க ஆரம்பிக்காதீர்கள். நம் மாவட்டத்தின் பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம், பிள்ளைகளின் பல்லில் காவிக் கறை விழும், வருடக்கணக்கில் குடித்தால் எலும்பையும் பிடிக்கும். கொதிக்க வைத்தாலும் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் அடர்த்தியாகும். 2013-ல் தொடங்கிவைத்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் உங்கள் தெருக் குழாயில் வந்தால் குடிக்கவும் சமைக்கவும் அதைப் பிடித்து வையுங்கள், மற்றதற்குப் போர் தண்ணீர் போதும்.

11 கிலோ புளிக்கு ஒரே தடவையில் பணம் புரட்ட முடியாவிட்டால் இந்த மாசியில் 3 கிலோ மட்டும் போடுங்கள். ஆனி வரை வரும். அந்த மூன்று மாதமும் பாக்கெட்டுக்குக் கொடுத்திருக்கக் கூடிய காசைத் தனி டப்பாவில் போட்டு வாருங்கள், அடுத்த மாசிக்கு அதுதான் முதல்.